கிராம்பு மணக்கும் கணினி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வானிலை, விலைவாசி, என் முழங்கால் மூன்றும் பழையபடிதான். முறையான விசாரிப்புகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விஷயத்துக்குத் தாளில் இடமிருக்காது.

உன் செய்தி வந்தது. "அக்கா, நீயா?" என்று இரண்டு சொற்கள், அவற்றின் பின்னால் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒரு வரிசை. என் மகள் உன்னிடம் என்ன சொன்னாள், எவ்வளவு சேர்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மருமகளும் மாமனும் சேர்ந்தால் பேச்சில் பாதிக்குத்தான் ஆதாரம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் கணினியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று குடும்பத்துக்குள் சுற்றுவதாகவும் கேள்விப்பட்டேன். அதில் என் நெற்றியில் எரிவது சுரங்கத் தொழிலாளியின் விளக்கு அல்ல, பல் டாக்டரின் விளக்கு. அது எப்படி என் தலைக்கு வந்தது என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

முதல் குற்றவாளி நீ. அந்தக் கணினியைக் கோத்தது நீதான். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முன், இதே சாப்பாட்டு மேசையை ஒரு வாரம் ஆக்கிரமித்துக்கொண்டு, எங்களை மடியில் தட்டு வைத்துச் சாப்பிட விட்டு, மருமகளுக்குப் பரிசு என்று அதைக் கட்டி எழுப்பினாய். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி மின்னும் விளக்குகள், சர்க்கஸ் கூடாரம் மாதிரி. இந்தத் தெருவில் மின்சாரம் ஏறும் இறங்கும், நடுவில் பாதுகாப்புக்கு ஏதாவது மாட்ட வேண்டாமா என்று நான் அப்போதே கேட்டேன். "அதெல்லாம் வேஸ்ட்டுக்கா, உள்ளயே எல்லாம் இருக்கு" என்றாய். உள்ளே என்ன இருந்தது என்பதைப் பிறகு நான் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

மகள் வேறு ஊரில் கல்லூரியில் சேர்ந்ததும் கணினியும் கூடவே போயிருக்க வேண்டும். விடுதி அறையில் அதற்கு இடமில்லை என்று அவள் ஒரு மடிக்கணினியோடு போய்விட, சர்க்கஸ் கூடாரம் இங்கேயே தங்கிவிட்டது. அதில் உன் மச்சான் புகுந்தார். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மனிதர், வீட்டுத் தொட்டிச் செடிக்கு இதுவரை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதில்லை, திடீரென்று பெருநிலக்கிழார் ஆகிவிட்டார். விளையாட்டுக்குள் அப்பாவுக்கும் மகளுக்கும் கூட்டுப் பண்ணை. அவள் அங்கே மடிக்கணினியில், இவர் இங்கே, சனிக்கிழமை மதியம் ஆனால் இரண்டு பேரும் ஏக்கர் கணக்கில் உழுவார்கள், அறுப்பார்கள், பால் கறப்பார்கள். நிலம் திரையில்தான், ஆனால் அறுவடை முடிந்து எழுந்திருக்கும்போது உன் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

இதைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. உன் மருமகளிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்திருக்கிறாயா? உன்னிடம் எப்படியோ, என்னிடம் இப்படித்தான்:

"சாப்டியா?"

"ம்."

"காலேஜ் எப்படிப் போகுது?"

"போகுது."

"ஏதாவது வேணுமா?"

"வேணாம்மா. வெக்கறேன்."

அதே பெண்ணின் கையில் ஒரு டிராக்டரைக் கொடுத்துவிட்டால் போதும், மடை திறந்த மாதிரி கொட்டுவாள். அறைத்தோழி குறட்டை விடுவது, ஆய்வகத்தில் ஒருத்தி எதையோ கொட்டிவிட்டு இவள்மேல் பழி போட்டது, எந்தப் பேராசிரியர் எதற்கெடுத்தாலும் முறைப்பார், யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எல்லாம் உழவு ஓட்டத்திலேயே வந்துவிடும். உன் மச்சானுக்குக் காதில் மாட்டிக்கொள்வது உறுத்துகிறது என்று ஒலிபெருக்கியில்தான் கேட்பார். நான் ஒட்டுக்கேட்பவள் அல்ல. துணி மடிக்கிற இடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவு, அது சரியாகச் சாத்திக்கொள்ளாது, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் துணி மிக ஒழுங்காக மடிக்கப்படும். மடித்தது தீர்ந்துவிட்டால் உதறி மறுபடியும் மடிக்கப்படும். என் மகள் எப்படி இருக்கிறாள் என்பது எனக்கு அந்த வழியாகத்தான் தெரியும்.

இனி விபத்து. அந்தச் சனிக்கிழமை மதியம் காற்றும் மழையும் கலந்து அடித்தது. இங்கே இவர் கோதுமை அறுத்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து அவள் குரல் வருகிறது: "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா யோசிச்சு இப்பதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். அம்மாகிட்ட இப்போதைக்கு சொல்லாதீங்க. நான் வந்து..." அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மரக்கிளை முறிந்து மின்கம்பிமேல் விழுந்தது. மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கிளம்பியது, சமையலறைக் குழல்விளக்கு வெயிலைத் தோற்கடித்தது, கணினிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு மழை மூட்டத்தில் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. கருகிய நாற்றம். அந்த இருட்டில் உன் மச்சான் கையில் சுட்டியைப் பிடித்தபடியே, "நான் வந்துன்னா? நான் வந்து என்ன?" என்று அணைந்த திரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தலையணை உறையோடு நிற்கிறேன்.

மின்சாரம் வந்தது. குளிர்பெட்டி பிழைத்தது, மாடிவீட்டுத் தொலைக்காட்சி போனது, சர்க்கஸ் கூடாரம் கண்ணே திறக்கவில்லை. சரி, மனிதப் பிறவிகளுக்குத் தொலைபேசி என்று ஒன்று இருக்கிறதே என்று இவரைப் பேசச் சொன்னேன். பேசினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏதோ சொல்ல வந்தியேம்மா?"

"ஆமாப்பா."

"என்னம்மா?"

"அது... போன்ல சொன்னா சரிவராதுப்பா. கேம்லயே சொல்றேன்."

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சேம்மா."

"அப்ப சரியானதும் சொல்றேன். அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லியே" என்றார் இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அதன் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருந்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அன்று முதல் வீட்டில் சோறு இறங்கவில்லை. படிப்பை விட்டுவிடப் போகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். எனக்கு அரைகுறைத் தகவலிலிருந்து முடிவு கட்டுகிற பழக்கம் கிடையாது, நீ அறிவாய். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் இருக்கிறேன், இரண்டாவது மாதிரி வராமல் ஒரு குழாயைப் பற்றிக்கூட ஒரு சொல் எழுதமாட்டேன். ஆனால் சொந்த மகளுக்கு இரண்டாவது மாதிரி எங்கே போய் எடுப்பது? உன் மச்சான் தன் பங்குக்குக் கல்யாணம் என்றார், பிறகு வேறு நாடு என்றார், ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாயில் நுரையோடு ஓடிவந்து, "நாக்குல கம்மல் குத்திக்கப் போறாளோ? பல்லுல இடிச்சு இடிச்சு எனாமல் போயிடுமே!" என்று கலங்கினார். ஆக, கணினி உயிர் பெற்றாக வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் போனது. கல்யாணமான நாளிலிருந்து இது அபூர்வம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் மூடியைத் திறக்கவில்லை. குனிந்து முகர்ந்தார். "எல்லாம் போச்சு மேடம். வோல்டேஜ் உள்ள பூந்து வெளையாடியிருக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்றார்.

"திறந்து பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"வாசனையே சொல்லுதே மேடம்."

மூக்கை நம்பி எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இதுவரை ஒரு கிணற்றைக்கூட மூடியதில்லை என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்த பிறகுதான், அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது என்பது உறைத்தது. அப்போது தொலைபேசி அடித்தது. மகள். தானாகவே. எடுத்த எடுப்பில், "அம்மா, அப்பாகிட்ட குடுக்காதே. அவர் கையில கெடைச்சா எல்லாத்தையும் புடுங்கிடுவார்" என்றாள். அதுதானே அவர் தொழில் என்றேன். சிரித்தாள். "நீ பண்ணு. நீதான் ஒண்ணொண்ணா, பொறுமையா, எதையும் நம்பாம பண்ணுவே. நான் சொல்லச் சொல்லச் செய். பக்கத்துல கண்ணாடி இருக்கு பார், அதோட ஸ்க்ரூவைக் கழட்டு."

இப்படித்தான் நான் இதில் இறங்கினேன், தம்பி. ஆர்வத்தால் அல்ல.

கண்ணாடியைக் கழற்றினேன். உன் கைவரிசையைக் கண்டேன். உள்ளே ஒரு விசிறியை ஷூ கயிற்றால் கட்டியிருந்தாய். ஷூ கயிறு! இரண்டு முடிச்சு, அழகான பூ முடிச்சு வேறு. கம்பிகளையெல்லாம் பின்பக்கம் திணித்து மூடிவைத்திருந்த அழகைப் பார்த்தபோது, சின்ன வயதில் அறையைச் சுத்தம் செய்யச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து நிற்பாயே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்: அத்தனை மின்சாரம் பாய்ந்தும் கொஞ்சமும் சேதமில்லாமல் இருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் மேசைக்கு வந்துவிடுவேன், அவளும் அழைத்துவிடுவாள். தொடுவதற்கு முன் கையிலிருக்கும் மின்சாரம் இறங்க இரும்பைத் தொடு, இந்த ஒயரை அழுத்திப் பிடித்து இழு, அதை ஆட்டாதே, இப்போது என்ன தெரிகிறது சொல். நான் தெரிவதை மட்டும் சொல்வேன். இடையிடையே, திருகாணி கழலும் வரை சும்மா இருக்க முடியாமல், அவள் வேறு பேச்சும் பேசுவாள். அறைத்தோழியின் குறட்டை நின்றுவிட்டதாம், மூக்கில் ஏதோ அறுவை செய்துகொண்டாளாம். எனக்கு வெளிச்சம் போதவில்லை என்று உன் மச்சான் தன் விளக்கை என் நெற்றியில் கட்டிவிட்டு, கையுறை மாட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு தட்டில் இடுக்கி, கண்ணாடி, ஊசி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு நின்றார். நான் கையை நீட்டினால் கேட்காமலேயே சரியான கருவி கைக்கு வந்தது. படம் எடுத்ததும் அவர்தான்.

மின்சாரம் பகிர்ந்து தரும் பெட்டி எரிந்துவிட்டதா என்று பார்க்க வேறொரு பெட்டி வேண்டும் என்றாள். இவர் தன் மருத்துவமனை வரவேற்பு மேசைக் கணினியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். வரவேற்பில் இருக்கும் பெண் நினைவிலிருந்து நேரம் கொடுக்க, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து, இருவருமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் கையாலேயே சண்டை போட்டார்களாம். அந்தத் தியாகத்தின் பலனாகத் தெரிந்தது இதுதான்: நம் பெட்டி போய்விட்டது, அதோடு மதர்போர்டும் போய்விட்டது. அதில் ஒரு மூலையில் மிளகு அளவுக்குக் கருகியிருந்தது. மற்றவை பிழைத்தனவா என்பது வேறு மதர்போர்டில் பொருத்தினால்தான் தெரியும். பழைய கடைக்காரரிடமே போய்ப் புதிய பெட்டியும், யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு போர்டும் வாங்கினோம். "வேஸ்ட்டு மேடம்" என்று ஆசீர்வதித்துக் கொடுத்தார்.

இங்கேதான் தம்பி, எங்கள் இருவரின் படிப்பும் சேர்ந்து வேலை செய்தது. கணினியின் மூளையான பிராசஸரை எடுத்துப் புதிய போர்டில் வைத்து, அதன் தலையில் பட்டாணி அளவு ஒரு களிம்பு தடவி, சூட்டைத் தணிக்கும் அந்தப் பெரிய விசிறிக் கட்டியை மேலே அழுத்த வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். களிம்பு வாங்க மறந்துவிட்டோம், கடை அன்று விடுமுறை. அவள் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று அழைக்கவும் இல்லை. உன் மச்சான் கைப்பேசியில் அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது என்று தேடினார். முகம் மலர்ந்தது.

"ஜிங்க் ஆக்சைடு! நம்மகிட்ட டப்பா டப்பாவா இருக்கே!"

"அது பல்லுக்குப் போடறது."

"பொடி ஒண்ணுதானே? நீதான கெமிஸ்ட்ரி, நீயே சொல்லு. ஜிங்க் ஆக்சைடுன்னா எல்லா இடத்துலயும் ஜிங்க் ஆக்சைடுதானே?"

யோசித்துப் பார்த்தேன். வேதியியல்படி அதில் தவறு காண முடியவில்லை. தலையாட்டினேன். அவர் கண்ணாடிப் பலகையில் பொடியைக் கொட்டி, சின்னப் புட்டியிலிருந்து எண்ணெய் விட்டு, எத்தனையோ வாய்களில் பழகிய லாகவத்தோடு குழைத்து, பிராசஸர்மேல் வழவழவென்று தடவினார். அவ்வளவு நேர்த்தியான பூச்சை நீ பார்த்திருக்க மாட்டாய். அந்த எண்ணெய் கிராம்பு எண்ணெய் என்பதையும், பொடியும் எண்ணெயும் சேர்ந்தால் அது களிம்பு அல்ல, சிமெண்ட் என்பதையும், பல்லில் விழுந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே மனிதகுலம் அதைக் கண்டுபிடித்தது என்பதையும் உலகிலேயே நன்றாக அறிந்தவர் அவர்தான். அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

பொத்தானை அமுக்கினோம். விளக்குகள் மின்னின, திரையில் படம் வந்தது, உன் மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பிராசஸரும் மற்ற எல்லாமும் உயிரோடு இருந்தன. கொஞ்ச நேரத்தில் மெல்ல ஒரு மணம் எழுந்தது. கிராம்பு. முதலில் இதமாக இருந்தது. போகப்போக வீடே பல் மருத்துவமனை ஆனது. கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "யாருக்குங்க பல்வலி?" என்று அக்கறையாக விசாரித்தார். பதில் சொல்வதற்குள் கணினி தானே அணைந்துவிட்டது.

தேர்வு முடிந்து அழைத்தவளிடம் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அம்மா."

"சொல்லு."

"நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?"

"உங்கப்பாதான் ஜிங்க்..."

"அப்பா சொன்னா நீ தலையாட்டுவியா? ஊர்ல யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டே!"

விசிறிக் கட்டியைக் கழற்றியே ஆக வேண்டும், ஆனால் அது அசையவில்லை. "இது நம்ம ஏரியா" என்று உன் மச்சான் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கட்டியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். "ஆடுது... ஆடுது... வந்துடும்... கொஞ்சம் பொறுத்துக்கோங்க..." யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. 'கடக்' என்றது. வந்தது. கட்டியோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் வேரோடு வந்தது.

தொலைபேசியில் மகளின் குரல் தாழ்ந்துவிட்டது. "அம்மா, அதோட அடியில ஊசி ஊசியா கால் இருக்கும். எல்லாம் நேரா இருக்கா பாரு."

விளக்கை வைத்துப் பார்த்தேன். "கம்பி போடறதுக்கு முன்னாடி உன் பல் எப்படி இருந்தது? அப்படி இருக்கு" என்றேன்.

"போச்சு" என்றாள். அவள் எடுத்திருக்கும் அந்த முடிவு என்னவென்று தெரியாமலேயே காலம் போய்விடும் என்று தோன்றியது. ஆனால் உன் மச்சான் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஆரஞ்சு எண்ணெயில் பஞ்சை நனைத்துச் சிமெண்டை இளக வைத்துப் பிராசஸரைத் தனியே பிரித்தார், தன் மெல்லிய ஊசிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு காலாக நிமிர்த்தத் தொடங்கினார். நான் விளக்கைப் பிடித்தேன், மூச்சு விடவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த முரட்டு விரல்களுக்கு அத்தனை மென்மை எங்கிருந்து வருமோ. "கொஞ்சம் லேட்டா வந்திருக்கீங்க, பரவால்ல, பண்ணிடலாம். வலிக்கவே வலிக்காது" என்று பிராசஸரோடு பேசிக்கொண்டே செய்தார். தொலைபேசியில் மகள், "அப்பா யார்கூடப் பேசறாரு?" என்றாள். "பேஷண்ட்டோட" என்றேன்.

நல்ல களிம்பு வாங்கி வந்து, மறுபடி பொருத்தி, உன் ஷூ கயிற்றையும் கட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினோம். ஓடியது. அணையவில்லை. மணம் மட்டும் போகவில்லை. இப்போதும் சூடேறினால் லேசாகக் கிராம்பு மணக்கிறது. வேறு பழுதில்லை.

சனிக்கிழமை வந்தது. இவர் உள்ளே உட்கார்ந்தார். நான் மடிக்க வேண்டிய துணிகளோடு என் இடத்தில். அறுவடை இயந்திரம் பாதி வயலில் அப்படியே நின்றுகொண்டிருந்ததாம். இவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இப்ப சொல்லும்மா. என்ன முடிவு?"

"இருங்கப்பா, தொழுவத்துப் பக்கம் வாங்க, காட்டணும். இந்த மாட்டையெல்லாம் வித்துடலாம்ப்பா. தீனிக்கே எல்லாம் போயிடுது. அந்த எடத்துல திராட்சை போட்டுடலாம். ரொம்ப நாளா யோசிச்சேன்."

என் கையிலிருந்த போர்வை நழுவியது. உள்ளே உன் மச்சான் நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று பார்த்தால், "எல்லா மாட்டையுமா?" என்று பதறினார்.

"அந்தப் பழுப்புப் புள்ளி மாட்டை மட்டும் வச்சுக்கலாம்ப்பா. அம்மாவுக்குப் பிடிக்கும்ல. அதுக்குத்தான் அவங்ககிட்ட சொல்லவேணாம்னேன். கதவுக்குப் பின்னாடிதானே நிக்கறாங்க? அம்மா, ஓகேதானே?"

நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் சொன்னேன். அந்த மாட்டைப் பற்றி எப்போதோ ஒருமுறை, தண்ணீர் வைத்தீர்களா என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டிருப்பேன். அதற்குப் பெயர் பிடித்தம் அல்ல.

ஆக, எல்லாம் முடிந்தது. நாக்கில் கம்மல் இல்லை, படிப்பு நடக்கிறது, மாடுகள் விற்கப்பட்டன, ஒன்றைத் தவிர. கணினி முன்னைவிட நன்றாக ஓடுகிறது. நீ அங்கிருந்து ஏதோ உதிரி பாகங்கள் அனுப்புவதாகச் சொன்னாயாம், ஒன்றும் வேண்டாம். மேசை மறுபடி சாப்பிடும் மேசை ஆகிவிட்டது, திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன், இனி இந்த ஜென்மத்தில் அதைத் தொடுவதாக இல்லை. அப்பாவும் மகளும் பழையபடி சனிக்கிழமை உழுகிறார்கள். என்னோடு தொலைபேசியில் அவளுக்குப் பேச வேண்டிய வேலை இப்போது இல்லை, "ம்", "போகுது", "வெக்கறேன்" என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். படிக்கிற பெண்ணுக்கு அது போதும். நீண்ட பேச்சை எதிர்பார்க்கிற ஆளும் நான் அல்ல. எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகள் திரையின் முன் அதிக நேரம் உட்கார வேண்டாம் என்று அத்தை சொன்னதாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், உங்கள் வீட்டுக்கு வருகிற மின்சாரம் எப்போதும் அளவோடு வரட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா

பி.கு.: இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. முக்கியமாக உன் மச்சானுக்கு. எழுதி முடித்து உறையில் போடுவதற்குள் கணினி மறுபடி நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. இவர் மருத்துவமனையிலிருந்து ஊசிகளோடு கிளம்பிவிட்டார், பாவம். உள்ளே ஒரு பழுதும் கிடையாது. முன்பக்கப் பொத்தானிலிருந்து போர்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது, அதைக் காலையில் நான்தான் உருவிவிட்டேன். பிறகு மகளை அழைத்து, கணினி ஓடவில்லை, என்னவென்றே தெரியவில்லை என்றேன். எங்கே இருக்கிறாய், உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அந்த ஒயரிடம் வந்ததும் நின்றுவிட்டாள். "அது தானா கழண்டுக்காதேம்மா" என்றாள். நான் அந்த ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "சரி, மாட்டிடாதே. மொதல்லேர்ந்து வருவோம். ஸ்க்ரூடிரைவரை எடு, கண்ணாடியைக் கழட்டு. அவசரமே இல்லம்மா, மெதுவாப் பண்ணு. இன்னிக்கு எனக்கு க்ளாஸ் இல்ல" என்றாள். கண்ணாடி ஏற்கெனவே கழற்றித்தான் இருந்தது. மறுபடி மாட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.